ஈரத்தோடு ஒருமுறைகூட இறக்கியதில்லை

கணவர் ஆரின் எழுதிய விற்பனை விளம்பரத்தில் நடீனுக்கு உறுத்தியது கடைசி வரிதான். "ஈரத்தோடு கூரையை ஒருமுறைகூட இறக்கியதில்லை."

அது பிக்கப் வண்டியின் முதுகில் ஏற்றிவைக்கும் கேம்பர். ஓடும்போது கூரை படுத்திருக்கும். போய்ச் சேர்ந்த இடத்தில் கூரையை மேலே தள்ளினால் நான்கு பக்கமும் கித்தான் சுவர் விரிந்து நிற்கும். உள்ளே ஆள் நிமிர்ந்து நடக்கலாம், அடுப்பு மூட்டலாம், காலை நீட்டிப் படுக்கலாம். இத்தனை வசதிக்கும் அது கேட்பது ஒன்றே ஒன்று: கித்தான் காய்ந்த பிறகுதான் கூரையை இறக்க வேண்டும். ஈரத்தோடு மடித்தால் மடிப்புக்குள் காற்று புகாது. சில நாளில் பூஞ்சணம் பிடிக்கும். அது நூலுக்குள் இறங்கிவிட்டால் எதைப் போட்டுத் தேய்த்தாலும் சுவடு போகாது. அதனால் கிழக்கு ஆரெகனில் கேம்பர் வைத்திருப்பவர்கள் இரவு மழை பெய்தால் காலையில் கிளம்ப மாட்டார்கள். இன்னொரு காபி போட்டுக்கொண்டு வெயிலுக்குக் காத்திருப்பார்கள். "அவன் ஈரத்துல மடிக்கிறவன்" என்று பர்ன்ஸ் ஊரில் ஒருவனைப் பற்றிச் சொன்னால், அவனிடம் ஏணியைக்கூட இரவல் கொடுக்காதே என்று பொருள்.

அந்தக் கடைசி வரி பொய். ஆரினுக்கு அது தெரியாது. நடீனுக்குத் தெரியும்.

இரண்டு வருடத்துக்கு முந்தைய இலையுதிர் காலத்தில், ஸ்டீன்ஸ் மலைக்குப் பின்னால் வறண்ட ஏரியின் ஓரத்தில், மழை கொட்டிய ஒரு விடிகாலை ஆரின் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். போனில் சிக்னல் இல்லை. நடீன் அவரைத் தாங்கிப்பிடித்து முன் சீட்டில் சாய்த்துவிட்டு, நனைந்து ஊறிய கூரையைத் தனியாளாக இறக்கி, சேற்றில் வண்டியை ஓட்டிக்கொண்டு பர்ன்ஸ் வந்து சேர்ந்தாள். அங்கிருந்து ஹெலிகாப்டரில் பாய்சி நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். குழாய்களுக்கு நடுவே கண் விழித்ததும் ஆரின் முதலில் கேட்டது, "கூரையைக் காயவெச்சு இறக்குனியா?"

"காஞ்சுதான் இருந்துச்சு" என்றாள் நடீன். டாக்டர் பக்கத்திலேயே நின்றார், அவர் மனசைக் கலக்கக்கூடாது என்று அப்போதுதான் சொல்லியிருந்தார்.

வீடு திரும்பியபின் ஒருநாள் ஆரின் தூங்கும்போது, பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிட்டுக் கூரையைத் தூக்கவைத்தாள். உள்ளே பூட்டிக் கிடந்த ஈர அறையின் வாடை. வினிகரும் வெந்நீருமாகத் துடைத்து வெயில் காட்டினாள். ஏறக்குறைய எல்லாம் போய்விட்டது. கட்டிலின் இடது மூலையில், மடிப்பு விழும் இடத்தில் மட்டும் மிளகு தூவியதுபோல் கொஞ்சம் நின்றுவிட்டது. மெத்தையை அந்தப் பக்கம் இழுத்துப் போட்டு மறைத்தாள்.

இப்போது அவர் நெஞ்சுக்குள் ஒரு கருவி இருக்கிறது. கூரையைத் தோள் கொடுத்துத் தள்ளக் கூடாது. கேம்பரை விற்றுவிடலாம் என்று அவரே சொன்னார். சொன்னாரே தவிர, வந்தவர்களை விரட்டிக்கொண்டிருந்தார். முதலில் வந்தவனின் வண்டி சின்னது என்று திருப்பி அனுப்பினார். அடுத்து வந்தவன் சிகரெட்டோடு இறங்கினான். அவனுக்கு ஷெட்டின் கதவே திறக்கவில்லை.

மூன்றாவதாக, பிப்ரவரி மாதத்தின் ஒரு சனிக்கிழமை, மைத்தே வந்தாள். நாற்பதை நெருங்கும் பெண். ஸ்பெயினிலிருந்து பக்கத்து ஜோர்டன் பள்ளத்தாக்குக்கு ஆடு மேய்க்க வந்த பாஸ்க் இனக் குடும்பத்தின் பேத்தி. புதர்க்காட்டில் விடியுமுன் போய் உட்கார்ந்து காட்டுக்கோழிகள் ஆடுவதைப் பார்த்து எண்ணிக்கை எடுப்பது அவள் வேலை. வருடா வருடம் கூடாரத்தில் படுத்து இடுப்பு போய்விட்டது என்றாள்.

"வணக்கம் சார்."

"சார் கீர் எல்லாம் வேணாம்மா, ஆரின்னு கூப்பிடு. முதல்ல உன் வண்டிக் கதவைத் திற."

"கேம்பர் பார்க்கத்தானே வந்தேன்?"

"அது எங்கயும் ஓடிடாது. கதவைத் திற."

டிரைவர் கதவின் உள்விளிம்பில், வண்டி எவ்வளவு சுமக்கும் என்று ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். ஆரின் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். "விக்கிறவன் சொல்ற எடை வெறும் பெட்டியோட எடை. நீ போகும்போது தண்ணி இருக்கும், கேஸ் இருக்கும், ஐஸ் இருக்கும், நாய் இருக்கும், நீ இருப்பே. அதையெல்லாம் சேர்த்துத்தான் எடை. எல்லாரும் இதுலதான் ஏமாறுவாங்க. பின்பக்க ஸ்பிரிங் படுத்துடும், முன்பக்கம் தூக்கிக்கும், அப்புறம் ஹெட்லைட் ஆந்தையைத் தேடிக்கிட்டு மரத்தைப் பார்க்கும்." நிமிர்ந்தார். "உன் வண்டி தாங்கும். வா."

"பரீட்சைல பாஸா?" என்று நடீனைப் பார்த்துக் கேட்டாள் மைத்தே.

"இது நுழைவுத் தேர்வு" என்றாள் நடீன். "இன்னும் பெருசு இருக்கு."

ஷெட்டில் கேம்பர் நான்கு மூலையிலும் ஜாக்கிக் காலில் நின்றது. பக்கத்து வீட்டுக்காரன் காலையிலேயே கூரையைத் தூக்கிவைத்துவிட்டுப் போயிருந்தான். ஆரின் ஒவ்வொன்றாகக் காட்டினார். கேஸ் குழாயின் மூட்டில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது. கேம்பரை வண்டியோடு பிணைக்கும் திருகுக் கம்பியை விரலால் முறுக்கி நின்றபின் கால் சுற்று மட்டும் கூட்டுவது. "அதுக்கு மேல முறுக்கினா பத்திரம்னு தோணும். பத்திரம் இல்ல. குண்டு குழில பெட்டி கொஞ்சம் அசையணும். அசைய விடலன்னா கொக்கியைப் பிடுங்கிக்கும்."

மைத்தே நல்ல கேள்விகளாகக் கேட்டாள். ஆரினின் முகத்தில் நடீன் வெகுநாளாகப் பார்க்காத வெளிச்சம் வந்திருந்தது. இவளுக்குத்தான் கொடுப்பார் என்று நினைத்தாள்.

"ஒண்ணு கேட்கணும்" என்றாள் மைத்தே. "நான் தனியாத்தான் போவேன். ஒரு ஆளா இந்தக் கூரையை இறக்க முடியுமா?"

ஆரின் கொஞ்சம் யோசித்தார். "முடியும்னு சொல்லி உன் தலையில கட்ட மாட்டேன். இதை இறக்குறதுக்கு ரெண்டு பேர் வேணும். கூரையை முன்னாலயும் பின்னாலயும் ஒரு தடுப்பு தாங்குது. உள்ள ஒருத்தர் அதோட வாரைப் பிடிச்சு இழுக்கணும், என் எடை இருந்தாத்தான் தடுப்பு மடங்கும். கூரை இறங்கும்போது உள்ள இருக்கிற காத்து கித்தானை வெளியே உப்ப வைக்கும். வெளியே ஒருத்தர் சுத்தி வந்து அதை உள்ள தள்ளணும். இல்லேன்னா விளிம்புல மாட்டிக் கிழியும். நான் உள்ள, நடீன் வெளியே. இத்தனை வருஷமும் அப்படித்தான்."

மைத்தேயின் முகம் வாடியது. நடீன் வாயைத் திறந்தாள். தனியாக இறக்கலாம், நான் இறக்கியிருக்கிறேன் என்று சொன்னால் எப்போது என்று கேட்பார். வாயை மூடிக்கொண்டு காபி எடுத்துவரப் போனாள்.

திரும்பி வந்தபோது மைத்தே கட்டில்மேல் மண்டியிட்டு, மெத்தையின் ஓரத்தைத் தூக்கி, கைவிளக்கு அடித்துக்கொண்டிருந்தாள். கூடாரத்தில் வாழ்ந்தவள் மூலையைத்தான் முதலில் பார்ப்பாள்.

"ஆரின், இங்க கொஞ்சம் புள்ளி இருக்கு."

"தூசியா இருக்கும்."

"தூசி இல்ல."

ஆரின் ஏறிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு, எதையும் விளக்கும்போது பேசும் அதே நிதானமான குரலில் தொடங்கினார். "மூச்சுக்காத்து படிஞ்சு வந்ததுன்னா ஜன்னல் ஓரமா இருக்கும். இங்க ஜன்னல் இல்ல. கூரை ஒழுகினா மேலேருந்து கோடு இறங்கும். கோடு இல்ல." விரலால் தடவினார். "மடிப்பு எங்க விழுதோ அங்க மட்டும் இருக்கு. அப்போ இது ஈரத்துல மடிச்சது."

வாசலில் காபித் தட்டோடு நின்ற நடீனுக்கு, அவர் ஒவ்வொரு படியாக இறங்கித் தன்னை நோக்கியே வருவதுபோல் இருந்தது. ஆனால் அவர் வேறு பக்கம் திரும்பிவிட்டார்.

"நான்தான் இறக்கியிருக்கேன்" என்றார் ஆரின். "எப்போன்னு ஞாபகம் இல்ல." மெத்தை விளிம்பில் உட்கார்ந்தார். "மூளைக்குக் கொஞ்ச நேரம் காத்து போகலன்னு டாக்டர் சொன்னார். மறதி வரலாம்னார். என் சிவப்புத் தோள்வாரை எங்க வெச்சேன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. அதுகூடப் பரவாயில்ல, ஒரு துணிப்பட்டை. ஆனா இதை மறப்பேனா? மறந்திருக்கேனே." மைத்தேயைப் பார்த்தார். "நான் விளம்பரத்துல போட்டது பொய்யாயிடுச்சும்மா. நீ போறேன்னாலும் தப்பில்ல."

கால்சட்டையை இழுத்துப் பிடிக்கும் அந்தச் சிவப்பு எலாஸ்டிக் வார்களை அவர் வீடு முழுக்கத் தேடியதும், கிடைக்காத ஒவ்வொரு முறையும் பேச்சு குறைந்து உட்கார்ந்திருந்ததும் நடீனுக்கு நினைவு வந்தது. பெல்ட்டுக்கு மாறியது பற்றி அவள் கேலிகூடச் செய்திருக்கிறாள்.

தட்டை அடுப்பின்மேல் வைத்தாள். "உனக்கு மறதி இல்ல, ஆரின். நான்தான் இறக்கினேன். அன்னிக்குக் காலையில. மழையில."

"காஞ்சிருந்துச்சுன்னு சொன்னே."

"பொய் சொன்னேன். தோள்வாரும் என்கிட்டதான் இருக்கு."

மைத்தே, தான் வெளியே போக வேண்டுமா என்று யோசிப்பவள்போல் கதவைப் பார்த்தாள். கதவை நடீன் அடைத்துக்கொண்டு நின்றாள். ஆரினின் முகத்தில் கோபம் வரப்போகிறது என்று நடீன் காத்திருந்தாள். அவர் புருவம் சுருங்கியது. அது கோபமில்லை, எதையோ கணக்குப் போடும் சுருக்கம்.

"எப்படி இறக்கினே? நான் முன் சீட்டுல கிடந்தேன். வெளியே ஆள் இல்ல. உள்ள இழுக்க உனக்கு எடை பத்தாது."

"செஞ்சு காட்டவா?"

"காட்டு" என்றது ஆரின் இல்லை, மைத்தே.

நடீன் இருவரையும் கீழே இறங்கச் சொல்லி, காபித் தட்டையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்த் தையல் பெட்டியின் அடியிலிருந்து வார்களை எடுத்துவந்தாள். எலாஸ்டிக் இழுபட்டுத் தளர்ந்து, சிவப்பு நிறம் அங்கங்கே வெளுத்திருந்தது; பார்த்தால் ஏன் இப்படி ஆனது என்று கேட்பார் என்றுதான் ஒளித்துவைத்திருந்தாள். துணி காயப்போடும் கயிற்றை கேம்பரைச் சுற்றி, கித்தானின் நடு இடுப்பில் ஓட்டினாள். இரண்டு முனையும் சேரும் இடத்தில் வார்களைக் கோத்து இழுத்து மாட்டினாள். கித்தான் இடுப்பில் ஒடுங்கி உள்பக்கம் வளைந்தது.

"வெளியே நிக்கிற ஆள் இதுதான்" என்றாள். "வெறும் கயிறுன்னா கூரை இறங்க இறங்கத் தொளதொளன்னு ஆயிடும். எலாஸ்டிக் அது கூடவே சுருங்கி, கித்தானை உள்ளயே பிடிச்சுக்கும். முதல்ல வெறும் கயித்தைத்தான் கட்டினேன். நழுவிடுச்சு. அப்புறம்தான், மூச்சு விடட்டும்னு உன் சட்டையைத் தளர்த்தும்போது இது கண்ணுல பட்டுச்சு."

"காத்து?"

"மேல் ஜன்னலையும் கதவையும் திறந்து வெச்சுட்டேன். காத்து அந்த வழியா போயிடும்."

உள்ளே ஏறினாள். இழுக்கும் வாரை இரண்டு கையாலும் பிடித்து, கால் இரண்டையும் தரையிலிருந்து தூக்கிக்கொண்டு தொங்கினாள். எழுபதை நெருங்கும் மனுஷி பழுத்த பூசணிபோல் ஒரு நிமிஷம் ஆடினாள். முன்பக்கத் தடுப்பு முனகி மடங்கியது. பின்பக்கமும் அப்படியே. இறங்கிய கூரைக்கு அடியிலிருந்து குனிந்து வெளியே வந்து, சுற்றி வந்து கொக்கிகளைப் பூட்டினாள். ஒரு நூல்கூட விளிம்பில் சிக்கவில்லை.

ஆரின் விளிம்பு முழுவதையும் விரல் ஓட்டிப் பார்த்தார். திரும்ப ஒருமுறை பார்த்தார்.

"இத்தனை வருஷமா என் எடை வேணும்னு நெனச்சேன்."

"உன் எடை வேணாம். உன் தோள்வார்தான் வேணும்" என்றாள் நடீன்.

மைத்தே சிரித்துவிட்டாள். "நான் தொங்கிப் பார்க்கலாமா?"

கூரையைத் தூக்கி, அவளும் தொங்கி இறக்கினாள். முதல் தடவை கயிறு உயரத்தில் மாட்டியதால் ஒரு மூலை பிதுங்கியது. இரண்டாம் தடவை சரியாக வந்தது. "வாங்கிக்கிறேன்" என்றாள், மூச்சு வாங்க. "புள்ளி இருந்துட்டுப் போகட்டும்."

"விலையில குறைக்கிறேன்" என்றார் ஆரின். "விளம்பரத்துக்கும் பொருளுக்கும் வித்தியாசம் இருக்கு."

"தனியா இறக்கலாம்னு விளம்பரத்துல இல்லையே. அதுக்குக் கூட்டிக்கங்க. சரியாப் போச்சு."

ஏற்றுவது பொறுமையான வேலை. நான்கு ஜாக்கியையும் மாற்றி மாற்றிக் கொஞ்சங்கொஞ்சமாக உயர்த்த வேண்டும். ஒரு பக்கம் முந்திவிட்டால் பெட்டி சாயும். மைத்தே வண்டியைப் பின்னோக்கி அடியில் நுழைத்தாள். ஆரின் இரண்டு கையாலும் இடம் வலம் காட்டினார். திருகுக் கம்பியை அவளே முறுக்கினாள். கால் சுற்று கூட்டி நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார்.

கிளம்பும்போது ஆரின் சிவப்பு வார்களைச் சுருட்டி ஜன்னல் வழியாக நீட்டினார்.

"இது உங்களோடது" என்றாள் அவள்.

"இல்லம்மா. அது இனிமே கேம்பரோட சாமான்."

வண்டி நெடுஞ்சாலைக்குத் திரும்பும்வரை இருவரும் நின்றார்கள். ஷெட் திடீரென்று பெரிதாகிவிட்டது. தரையில் ஜாக்கிக் கால்கள் அழுத்திய நான்கு வட்டங்கள் மட்டும் இருந்தன.

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்" என்றார் ஆரின். "ரெண்டு வருஷமா மூளை போயிடுச்சுன்னு பயந்துக்கிட்டிருந்தேன்."

"அது எனக்குத் தெரியல. தெரிஞ்சிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன்." நடீன் கையைக் கட்டிக்கொண்டாள். "ஆனா செத்துப் பொழச்சுக் கண்ணைத் திறந்ததும் நீ கேட்டது கூரையைப் பத்தி. நான் எப்படி வந்து சேர்ந்தேன்னு கேட்கல. அப்புறமும் கேட்கல."

ஆரின் அந்த வட்டங்களில் ஒன்றைச் பூட்ஸ் நுனியால் தடவிக்கொண்டு நின்றார். ஷெட்டுக்குள் போய் இரண்டு மடக்கு நாற்காலிகளைக் கொண்டுவந்து, வெயில் விழும் இடத்தில் போட்டார். ஒன்றில் அவளை உட்காரச் சொன்னார்.

"பயமா இருந்துச்சா?"

"ரொம்ப. அந்த ஏரி ஓரத்துச் சேறு வண்டியை அப்படியே பக்கவாட்டுல இழுத்துச்சு. நீ ஒரு வார்த்தை பேசல. மூச்சு இருக்கான்னு பார்க்கத் திரும்பினா வண்டி போயிடும், திரும்பலன்னா..." நிறுத்தினாள்.

அவர் காத்திருந்தார். ஏதோ கேட்க வாய் துடித்தது அவளுக்குத் தெரிந்தது. கேட்கவில்லை.

அவள் சொல்லி முடிக்க நேரம் பிடித்தது. கடைசியில் அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டாவது கியர்லதான் ஓட்டினேன்" என்றாள். "அதைத்தானே கேட்கணும்னு அடக்கிக்கிட்டிருக்கே?"

"நல்ல கியர்" என்றார் ஆரின்.