ஈரக்காற்றில் அலறாத கருவி

குறைமாதக் குழந்தைகளின் மூச்சு நின்றால் ஒலி எழுப்பும் கருவியை பிரேசிலின் ரெசிஃபே நகரத் தொழில்நுட்பப் பூங்காவில் ஜுரேமா செய்திருந்தாள். ஈரக்காற்று பட்டால் அது காரணமின்றி அலறியது. ஆறு மாதம் போராடித் தோற்றவள், சிக்கலை வரைபடத்தோடு பூங்காவின் பொதுப் பலகையில் ஒட்டினாள்.

“கிறுக்கா உனக்கு? எவனாவது சுட்டுட்டுப் போயிடுவான்,” என்றான் கூட்டாளி எவால்டோ.

மறுநாள், இறால் குளங்களுக்கு அளவுக்கருவி செய்யும் வால்டெனிசி பலகையைப் பார்த்துவிட்டு, கீழ்த்தளத்திலிருந்து ஒரு பசை டப்பாவோடு வந்தாள். “இதப் பூசிப் பாரும்மா. எங்களுது உப்புத்தண்ணிலயே கெடக்கு, ஒண்ணும் ஆகல.”

பூசினார்கள். அடைமழை வாரம் முழுக்க மருத்துவமனையில் கருவி அமைதியாக இருந்தது. வெள்ளியன்று மட்டும் ஒரே ஒருமுறை ஒலித்தது. செவிலி ஓடிப்போய் ஒரு குழந்தையைக் காப்பாற்றினாள்.

ஜுரேமா கீழ்த்தளத்துக்கு ஓடினாள். வால்டெனிசியின் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

“அழாதடி, உக்காரு.”

பின்னாலேயே எவால்டோ கேக்கோடு வந்தான். “உங்களுக்குத்தான்க்கா,” என்றான் தலைகுனிந்து.