இடது ஸ்பீக்கரின் வெள்ளை ஒயர்

தம்பி ஹெவி மெட்டல் குழுவில், பாட்டுக்கு அடியில் கனமாக ஒலிக்கும் பேஸ் கிட்டார் வாசித்தவன். அவர்கள் போட்ட ஒரே ஆல்பத்தை மூன்று வருடம் முன்பு அக்கா வீட்டு ஸ்டீரியோவில்தான் முதலில் கேட்டார்கள். அக்காவோ மனசில் பட்டதை அப்படியே போட்டு உடைக்கிற ஜென்மம். எல்லாம் பிரமாதம், நீ வாசித்ததுதான் காதில் விழவே இல்லை என்று சொல்லிவிட்டாள். தம்பியின் முகம் சுண்டிப்போனது. அன்று போனவன்தான்.

இன்று மத்தியானம் வருகிறேன் என்று அவனே போன் பண்ணியிருந்தான். வருவதற்குள் அந்த ஆல்பத்தில் அவனை எப்படியாவது கேட்டுவிட வேண்டும். பொய்யாகப் பாராட்ட அவளுக்கு வாய் வராது. மறுபடி உண்மையைச் சொன்னால் தம்பி கிடைக்கமாட்டான்.

காலையிலிருந்து ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து இழுத்தாள், தள்ளினாள், மூலையில் தலையணை வைத்தாள். திரை மூடிய அறையில் கண்ணை மூடினால் பாட்டு எங்கிருந்தும் வராமல் எல்லா இடத்திலிருந்தும் வந்தது. பாடுகிறவன் தலைக்கு மேல் மிதந்தான், டிரம்ஸ் அடுத்த தெரு மழைபோலக் கேட்டது. அந்த மயக்கம் அவளுக்குப் பிடிக்கும், மெட்டல் என்றாலே இப்படித்தான் என்று நினைத்திருந்தாள். பாட்டுக்கு அடியில் மட்டும் தரையே இல்லை.

சோபாவையும் கூரையில் தொங்கவிடேன் என்று கிண்டலடித்தபடி கணவர் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாப் சிக்கி இடது ஸ்பீக்கரின் ஒயர் பிடுங்கிக்கொண்டது. திட்ட வாயைத் திறந்தவள் அப்படியே நின்றாள். ஒரு ஸ்பீக்கர் செத்தால் சத்தம் குறையத்தானே வேண்டும்? வலது ஸ்பீக்கரிலிருந்து இதுவரை கேட்காத ஒன்று குண்டாக, நிதானமாக நடந்து வந்தது.

அவள் உட்கார்ந்துவிட்டாள். ஆல்பம் வருவதற்கும் முன்பு சோபாவை நகர்த்தியபோது எட்டாத இடது ஒயரோடு வெள்ளை ஒயரை ஒட்டுப்போட்டவள் அவளேதான். அதன் இரண்டு இழைக்கும் ஒரே நிறம். ப்ளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிக் கொடுத்திருக்கிறாள். வலது ஸ்பீக்கர் காற்றைத் தள்ளும்போதெல்லாம் இடது உள்ளே இழுத்து, பேஸை இரண்டும் சேர்ந்து தின்றிருக்கின்றன. கண்ணாடிக் கடையில் ஊரார் லென்ஸை ஒரு டிகிரி பிசகாமல் பொருத்துகிறவள்!

இழைகளை மாற்றிச் செருகினாள். பாடகன் இறங்கி நடுவில் வந்து நின்றான். அவனுக்குக் கீழே தம்பி இருந்தான், முதல் பாட்டிலிருந்தே இருந்தான். பேஸ் தரை வழியாக ஏறி அவள் முழங்காலைத் தொட்டது. அவளுக்கு அழுகை வந்தது.

தம்பி வந்ததும் தண்ணீர்கூடக் கொடுக்காமல் கையைப் பிடித்து எதிரே உட்காரவைத்தாள். அவன் ஒரு பாட்டை முழுக்கக் கேட்டான்.

"ஒயரை நான்தான்டா தப்பா மாட்டியிருக்கேன். நீ நல்லா வாசிச்சிருக்கே. என்னை மன்னிச்சிரு."

அவன் தரையைப் பார்த்தான். "கிட்டாரைக் குடுத்துட்டேன்க்கா. நீ சொன்ன மறுவாரமே. காதுல விழாததை எதுக்கு வாசிக்கணும்னு தோணுச்சு."

அடுத்த பாட்டு ஆரம்பித்திருந்தது. அவள் ஆணியிலிருந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

"யார்கிட்ட குடுத்தே?"

"இப்பவேவா?"

"இப்பவே."

"இந்தப் பாட்டு முடியட்டும்க்கா," என்றான் அவன். "அன்னிக்கப்புறம் நானும் இதை இப்பதான் கேக்கறேன்."