ஓரம் மட்டும்

2005 கோடையில், மரக்காணத்தில் உப்பளம் வைத்திருந்த சாலமன், இல்லாத பல்வலியைச் சொல்லி இரண்டு முறை டாக்டர் சகாயசெல்வியிடம் போய்வந்தான். அவளைக் கட்டிக்கொள்ள ஆசை. கேட்கத்தான் வாய் வரவில்லை. மூன்றாவது முறை நிஜமாகவே, கடைவாய்ப் பல்லை அடைத்திருந்த பழைய சிமெண்ட் உடைந்திருந்தது.

"மொத்தமா எடுத்துட்டுப் புதுசா வைங்க டாக்டர். எத்தனை தடவை வேணும்னாலும் வர்றேன்."

அவள் பார்த்தாள். "ஓரம்தான் போயிருக்குது. மீதி கல்லாட்டம் இருக்குது. அதைத் தோண்டினா நல்ல பல்லும் சேர்ந்து போயிடும். ஓரத்தை மட்டும் சரி பண்ணா இன்னைக்கே முடிஞ்சிடும்."

"இன்னைக்கேவா?" சாலமனின் முகம் மழை விழுந்த உப்புப் பாத்தி போலானது.

"பத்து நிமிஷம். வாயைத் திறங்க."

வாயில் பஞ்சு இருந்தவரை அவனுக்குத் தைரியம் இருந்தது. பஞ்சை எடுத்ததும் அது போய்விட்டது.

"திரும்ப எப்போ வரட்டும்?"

"பல்லுக்குன்னா ஆறு மாசம் கழிச்சு." அவள் கையுறையைக் கழற்றினாள். "வேற விஷயம்னா, ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் வீட்டுக்கு வாங்க. அப்பா இருப்பாரு. உங்க அம்மாவையும் கூட்டிட்டு வாங்க."

சாலமன் அசையவில்லை.

"வாயை மூடலாம்," என்றாள் டாக்டர்.