திரும்பி வந்த பம்ப்

சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மிமூன் வண்டியை விட்டு இறங்கினான். இன்ஜின் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. பட்டறை வாசலில் நின்றபடி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. முப்பது வயதைத் தாண்டிய பழைய டீசல் டாக்சி. முன்னால் இரண்டு பேர், பின்னால் நான்கு பேர் என்று அடைத்துக்கொண்டு அஸ்ரூவிலிருந்து மிதெல்த்துக்கு மலையேறி இறங்குவதே அதன் பிழைப்பு. மிமூன் பானெட்டைத் தூக்கி, டீசல் பம்ப் மேல் இருக்கும் சின்ன நெம்புகோலைக் கையால் அழுத்திப் பிடித்தான். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு அடங்கியது.

"மூணு நாளா இதே கூத்துண்ணே. சாவிய எடுத்தாலும் நிக்க மாட்டேங்குது. ஒரு கிழவி, வண்டிக்குள்ள ஜின்னு பூந்திருச்சுன்னு சொல்லிப் பாதி வழியில இறங்கிட்டா" என்றவன், பட்டறைக்குள் எட்டிப் பார்த்தான். "ஹமாதி அண்ணன் இல்லையா?"

"நகராட்சி ஆபீசுக்குப் போயிருக்கான். நான் பாக்கறேன்" என்றார் பென்னாசர்.

மிமூன் ஒரு கணம் தயங்கினான். பிறகு, "சரிண்ணே" என்றான். அந்த ஒரு கணம் பென்னாசருக்குப் புதிதல்ல. இரண்டு வருடமாக டிரைவர்கள் அவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கையைத்தான் பார்க்கிறார்கள். டாக்சி ஸ்டாண்டில் அவருக்கு ‘நடுங்கி’ என்று பெயர் வைத்திருப்பது அவருக்கும் தெரியும். டீக்கடையில் கண்ணாடித் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்கப் பழகிவிட்டார். கை நடுங்கியதில்லை. ஆனால் எந்த நிமிஷமும் நடுங்கிவிடும் என்ற பயம் இருந்தது. அது நடுக்கத்தைவிடக் கேவலமாக இருந்தது.

முப்பத்தொரு வருடமாக அந்தப் பட்டறையில் இரண்டே பேர். பென்னாசருக்கு ஸ்டீயரிங் பம்ப், ஹமாதிக்குக் காற்றை உறிஞ்சும் வேக்கம் டியூப். பம்பைப் பிரித்து ரப்பர் சீல் மாற்றிக் கோப்பது பென்னாசர். அதை வண்டியில் மாட்டி ஆயில் ஊற்றி அனுப்புவது ஹமாதி. இருவரும் ஒரு தாய் வயிற்றில் பிறந்தவர்கள் இல்லை. பென்னாசர் பிறந்த பனிக்காலத்தில் அவர் அம்மா காய்ச்சலில் கிடக்க, பக்கத்து வீட்டில் ஹமாதியைப் பெற்றிருந்தவள் இரண்டு குழந்தைக்கும் சேர்த்துப் பால் கொடுத்தாள். அந்த ஊரில் அது போதும், அவர்கள் அண்ணன் தம்பி. ஹமாதியின் தங்கையைப் பென்னாசர் கட்ட நினைத்தால்கூட மார்க்கம் ஒத்துக்கொள்ளாது. சண்டை வந்து சத்தியம் செய்ய வேண்டியிருந்தால் இருவரும் அந்தப் பாலின் மேல்தான் செய்வார்கள்.

பட்டறை தொடங்கிய வருடமே ஒரு விதி வைத்துக்கொண்டார்கள். திரும்பி வந்த வேலையைச் செய்தவன் தொடக்கூடாது. ஒரு முறை தவறவிட்ட கண் மறுமுறையும் அதே இடத்தில்தான் தவறவிடும், மற்றவன் பார்க்கட்டும். நல்ல விதிதான். இருபத்தொன்பது வருடம் அது அவர்களைக் காப்பாற்றியது. அதன்பிறகு பென்னாசரின் பம்புகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒழுகித் திரும்பி வர ஆரம்பித்தன. ஒவ்வொரு தடவையும் ஹமாதி அவர் தோளைத் தொட்டு, "நீ உக்காருடா, நான் பாத்துக்கறேன்" என்பான். பென்னாசர் உட்கார்ந்துவிடுவார். விதி ஒரு பக்கம் இருக்கட்டும், தன் தப்பைத் தன் கண்ணால் பார்க்கும் தைரியம் அவருக்கு இல்லை. இப்படிப் பதினொரு பம்புகள். இன்றைக்கு மூன்று மணிக்கு நகராட்சி ஆபீசில் கையெழுத்துப் போட்டால் பட்டறையில் அவருடைய பாதி ஹமாதிக்குப் போய்விடும். அந்தக் காகிதத்துக்காகத்தான் ஹமாதி காலையிலேயே வரிசையில் நிற்கப் போயிருந்தான்.

இந்த வண்டியை நிறுத்துவது காற்றுதான், இல்லை, காற்று இல்லாமைதான். சாவியைத் திருப்பினால் மெல்லிய டியூப் ஒன்று டீசல் பம்பிலிருக்கும் வால்வை உறிஞ்சி இழுக்கும், டீசல் அடைபடும். டியூப்பில் எங்காவது கீறல் இருந்தால் உறிஞ்ச முடியாது, வண்டி தன் பாட்டுக்கு ஓடும். பென்னாசர் ஒவ்வொரு டியூப்பாகக் கழற்றி, வாயில் வைத்து உறிஞ்சி, நாக்கு நுனியால் அடைத்துப் பார்த்தார். நல்ல டியூப் நாக்கைக் கவ்விக்கொண்டு தொங்கும். நான்காவது கவ்வவில்லை. வால்வில் மாட்டும் ரப்பர் முனை வெயிலில் வெடித்திருந்தது. ஒரு விரல்கடை வெட்டிவிட்டுப் புது முனை மாட்டினார். மிமூன் சாவியைத் திருப்பியதும் இன்ஜின் வாயை மூடிக்கொண்டது.

"அட!" என்றான் மிமூன். பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு, "இன்னொன்னும் இருக்குண்ணே. ஸ்டீயரிங் முனகுது. தீமஹ்தித் ஏத்தத்துல வளைக்கறதுக்குள்ள தோள்பட்டை கழண்டுருது. கீழ ஆயில் வேற சொட்டுது. நீங்க மூணு வாரத்துக்கு முன்ன பண்ணிக் குடுத்த பம்ப்தான்."

பன்னிரண்டாவது.

"ஹமாதி மத்தியானத்துக்குள்ள வந்துருவான்."

"ஸ்டாண்டுல ஆறு பேரக் காத்திருக்கச் சொல்லிட்டு வந்திருக்கேண்ணே! ஆட்டு வியாபாரி ஒருத்தன் நிமிஷத்துக்கு ஒரு தடவ என் வம்சத்தையே திட்டிட்டு இருக்கான்."

பென்னாசர் பானெட்டின் விளிம்பைப் பிடித்தபடி நின்றார். மூன்று மணிக்குமேல் தனக்கும் இந்தப் பட்டறைக்கும் சம்பந்தமே இல்லை, அப்புறம் விதி யாருக்கு என்று தோன்றியது. போகிற போக்கில், தன் கை அப்படி என்னதான் தப்புச் செய்கிறது என்று ஒரே ஒரு தடவை பார்த்துவிடலாம். "போய் அவங்கள டீ குடிக்கச் சொல்லு. ஒரு மணி நேரத்துல வா" என்றார்.

பம்ப் மேலிருக்கும் ஆயில் டப்பாவின் மூடியில், நட்டுக்கும் மூடிக்கும் குறுக்காக ஒரு மஞ்சள் பெயின்ட் பொட்டு இருந்தது. டிரைவர்கள் கண்டதை ஊற்றிவிட்டுப் பட்டறைமேல் பழி போடுகிறார்கள் என்று ஹமாதி கொண்டுவந்த ஏற்பாடு அது. யார் திறந்தாலும் பொட்டு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். பொட்டு உடையவில்லை. ஆனால் பம்புக்குக் கீழே, ஆயில் சொட்டிய இடத்தில், இரும்புச் சட்டத்தின் பெயின்ட் அப்பளம்போல் பொரிந்து எழும்பியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஸ்டீயரிங் ஆயில் வருஷக்கணக்கில் ஊறினாலும் பெயின்டை ஒன்றும் செய்யாது.

மூடியைத் திறந்தார். சிவப்பாகத் தெளிந்திருக்க வேண்டிய ஆயில் கலங்கிக் கிடந்தது. விரலில் தொட்டு மோந்தார். லேசான மீன் வாடை. நம்பாமல், டீ தம்ளரில் தண்ணீர் பிடித்து அடியில் தங்கியதிலிருந்து நாலு சொட்டு விட்டார். எண்ணெய் என்றால் மேலே மிதக்க வேண்டும். கொஞ்சம்தான் மிதந்தது. மிச்சம் தண்ணீரோடு தண்ணீராகக் கரைந்துபோனது.

பிரேக் ஆயில். அதை ஸ்டீயரிங் பம்பில் ஊற்றினால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது. இரண்டு மூன்று வாரம் ரப்பரை ஊறவைத்து, உப்பவைத்து, பிறகு ஒழுகவிடும். பம்பைக் கழற்றி சீலை எடுத்தபோது அது ஊறிய கொண்டைக்கடலைத் தோலைப்போல் கையோடு வந்தது. அது உட்கார்ந்திருந்த பள்ளத்தைப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை, ஒரு பிசிறு இல்லை, மயிரிழை கோணலில்லை. தன் வேலையை வேறு யாரோ செய்ததுபோல் வெகுநேரம் பார்த்தார். அழகாகச் செய்திருந்தார்.

முதலில் சந்தோஷம்தான் வந்தது, வெட்கங்கெட்ட சந்தோஷம். அதன் பின்னாலேயே மற்றது உறைத்தது. ஆயில் ஊற்றுகிற கை ஒன்றுதான். பொட்டு வைக்கிற கையும் அதே கைதான். இரண்டு வருடமாக ராத்திரி ராத்திரியாக மனைவி ஹத்தா ஆலிவ் எண்ணெய் தேய்த்து உருவிவிட்ட இந்த விரல்களுக்கு ஒரு நோயும் இல்லை. பட்டறையே அதிரும்படி வாய்விட்டு அழலாம்போல் இருந்தது. அழவில்லை. புது சீலை எடுத்துத் தட்டி இறக்கினார். பம்பை மாட்டினார். பழையதெல்லாம் வெளியேறும்வரை மூன்று தடவை புது ஆயில் ஊற்றிக் கழுவினார். தாங்க முடியாத கோபத்திலும் கை அசையாமல் வேலை செய்தது.

ஹமாதி ஒரு கையில் ரொட்டியும் மறு கையில் காகித உறையுமாக உள்ளே வந்தான். "நம்பர் வாங்கிட்டேன்டா, மூணு மணிக்கு நாமதான் முதல்…" என்றவன், மேஜைமேல் இருந்த சீலையும் தண்ணீர்த் தம்ளரையும் பார்த்தான்.

"நீ ஏன் அதத் தொட்ட?" என்றான்.

‘என்ன இது’ என்று கேட்டிருக்கலாம். ‘எவன் வேலைடா இது’ என்று கத்தியிருக்கலாம். அப்படி ஒரு பொய்யைச் சொல்லியிருந்தால் பென்னாசர் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பார்.

"பன்னண்டுலயுமா?"

ஹமாதி ரொட்டியைக் கீழே வைத்தான். "மொதல் ஒண்ணு நெசமாவே ஒழுகிச்சு. சீலே மட்டமான சீல். அன்னைக்கு நீ உக்காந்து உன் கையையே பாத்துட்டு இருந்த பாரு… அப்பத்தான் எனக்கு அப்படி ஒரு நெனப்பே வந்துச்சு."

"மெக்னெஸ்ல இருக்கற டாக்டர்கிட்ட என்னக் கூட்டிட்டுப் போனது நீ. என் கையப் புடிச்சு அவர் மேஜை மேல வச்சது நீ."

"யூனுஸ் ஸ்பெயின்லருந்து வந்துட்டான்டா. புது வண்டிங்களப் பாக்கற மிஷின் வாங்கிப் போடணுங்கறான். இந்தப் பட்டறை மூணு பேருக்குச் சோறு போடாது. வெளிய போன்னு உன் மூஞ்சியப் பாத்துச் சொல்ல எனக்கு வாய் வரல. நீயா ஓஞ்சுபோனா உனக்கும் கௌரவம்னு…"

"உன் மகன் என் மகன் இல்லையா? கேட்டிருந்தா குடுத்திருப்பேன்டா."

"தெரியும்" என்றான் ஹமாதி. "அதான் கேக்க முடியல."

பங்கைப் பிடுங்கியிருந்தால்கூடப் பென்னாசர் மன்னித்திருப்பார். திருடனுக்குக்கூட அவர் வீட்டில் ஒரு தட்டு சோறு உண்டு. இவன் பிடுங்கியது வேறு. காலையில் எழுந்ததும் தன் கையை நம்பி ஒரு ஸ்பானரை எடுக்கிற தைரியத்தை, வாரம் ஒரு சொட்டாக, தோளைத் தொட்டுத் தொட்டு எடுத்திருக்கிறான்.

"அந்த ஏத்தத்துல ஆறு பேர்டா" என்றார் கடைசியில். "ஸ்டீயரிங் இறுகிப் பள்ளத்துல போயிருந்தா?"

"போகாது. நான் அளவு பாத்துத்தான் ஊத்துனேன்."

தெருமுனையில் மிமூன் வருவது தெரிந்தது. ஹமாதி நெருங்கி வந்து குரலைத் தாழ்த்தினான். "ஸ்டாண்டுல சொல்லிராத. கடை பேரே போயிரும். யூனுஸ் தலையெடுக்க முடியாது. அம்மா குடுத்த பால் மேல கேக்கறேன்."

பம்பை ஓட்டும் பெல்ட்டை இறுக்குவது இரண்டு ஆள் வேலை. ஒருவன் கடப்பாரையால் பம்பை நெம்பிப் பிடிக்க வேண்டும், மற்றவன் போல்ட்டை முறுக்க வேண்டும். ஹமாதி பழக்க தோஷத்தில் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்து நின்றான். பென்னாசர் அதை அவன் கையிலிருந்து வாங்கி மிமூனிடம் நீட்டினார்.

"நானாண்ணே? எனக்கென்ன தெரியும்?"

"சொல்றேன், பிடி."

மிமூனுக்கு இரண்டு தடவை வழுக்கியது. மூன்றாம் தடவை பல்லைக் கடித்துப் பிடித்துக்கொண்டான், பென்னாசர் முறுக்கி முடித்தார். மிமூன் ஏறி உட்கார்ந்து ஒற்றை விரலால் ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் சுற்றினான். முனகலே இல்லை. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சிரித்தான்.

"என்னதாண்ணே ஆயிருந்துச்சு? ஸ்டாண்டுல கேப்பானுங்க. மறுபடியும் உங்க கைதானான்னு…" பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

ஹமாதி சுவரோரம் நின்று பென்னாசரையே பார்த்தான். சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டு, அப்பாவிடம் சொல்லிவிடாதே என்று கண்ணாலேயே கேட்கும் அதே பார்வை. அப்போதெல்லாம் பென்னாசர் சொன்னதில்லை. சில சமயம் அவனுக்குப் பதிலாக அடியும் வாங்கியிருக்கிறார்.

பென்னாசர் மேஜையிலிருந்த உப்பிய சீலை எடுத்துவந்து மிமூனின் உள்ளங்கையில் வைத்து, அவன் விரல்களை மூடிவிட்டார்.

"போற வழியில மோந்து பாரு. இருபது வருஷமா வண்டி ஓட்டறவன், என்ன ஆயில்னு உனக்கே தெரியும். உன் மூடியில இருந்த மஞ்சப் பொட்டு நான் உடைக்கற வரைக்கும் உடையாமத்தான் இருந்துச்சு."

மிமூன் ஒன்றும் புரியாமல் தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்தான். ஸ்டாண்டுக்குப் போகும் மேட்டில் அது புகை கக்கிக்கொண்டு ஏறியது. இரண்டு பேரும் பட்டறை வாசலில், கைக்கெட்டும் தூரத்தில், ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். ரொட்டி மேஜையில் ஆறிக்கொண்டிருந்தது. காகித உறை அதனடியில் கிடந்தது. தேவதாரு மரங்கள் ஆரம்பிக்கிற வளைவில் வண்டியின் வேகம் குறைந்தது. பின்னால் பிரேக் விளக்குகள் இரண்டும் சிவப்பாக எரிந்தன. வண்டி ஓரம் கட்டி நின்றது. பின் கண்ணாடி வழியாக மிமூனின் கை மூக்கருகே போவது தெரிந்தது. விளக்குகள் அணையவே இல்லை.