சின்னவன் ஓடவில்லை

பெரியவன் கிட்டாரைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்தால், அடுத்து யாருக்கோ அடி விழப்போகிறது என்று அர்த்தம். எவ்வளவு கோபத்திலும் அந்தக் கிட்டாரில் ஒரு கீறல் விழ விடமாட்டான். பட்டையைத் தோளிலிருந்து நிதானமாக எடுப்பான், தூங்கும் பிள்ளையைக் கிடத்துவதுபோல் பார்த்துப் பார்த்துச் சாய்ப்பான், அப்புறம்தான் திரும்புவான். ஒலிப்பதிவு அறையின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அக்கா அதைப் பார்த்ததும் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தாள். காலை பதினொன்றரை மணி. ஏழாவது ரெக்கார்டின் ஒன்பதாம் நாள்.

அவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ரெக்கார்டு உறையில் தயாரிப்பாளர் என்று போட்டு அவள் முழுப்பெயர் இருக்கும். அதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. பத்தொன்பது வருடங்களாக இந்த நாலு பேரையும் கட்டி மேய்த்துக்கொண்டிருக்கிறாள். பெரியவன் பாடுவான், கிட்டார் வாசிப்பான், பாட்டெல்லாம் அவன் எழுதுவதுதான். சின்னவன் அவன் கூடப்பிறந்த தம்பி, டிரம்ஸ் வாசிப்பான். பேஸ் கிட்டார்காரன் ஆறடியைத் தாண்டியவன் என்பதால் நெட்டை. கீபோர்டு வாசிப்பவர் ஊமைச் சாமியார். சண்டை மூளும் வாசனை வந்தாலே கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார். அவர்களுடையது ராக்தான், ஆனால் மூன்று நிமிடத்தில் முடிகிற சமாச்சாரம் இல்லை. ஒரு பாட்டு இருபத்திரண்டு நிமிடம் போகும். தாளம் ஏழு எண்ணிக்கையில் தொடங்கிப் பதினொன்றுக்குத் தாவி, நடுவில் ஐந்தில் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடி ஏழுக்கு வந்து சேரும். "உங்க பாட்டு ஆரம்பிச்சதும் வீட்டுக்குப் போய் சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டுட்டு வந்தாலும் முடிஞ்சிருக்காதே" என்று அக்காவின் கணவர் கிண்டலடிப்பார்.

அடி உதை முதல் ரெக்கார்டிலேயே ஆரம்பித்துவிட்டது. பதினொன்று வரும் இடத்தில் சின்னவன் இரண்டு நாளாகத் தடுக்கி விழுந்துகொண்டிருந்தான். மூன்றாம் நாள் பெரியவன் கிட்டாரைச் சாய்த்துவிட்டு வந்து, தம்பியின் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்து, டிரம்மின் இரும்பு விளிம்பில் முகத்தை மோதினான். இரண்டு தடவை. அக்கா கத்திக்கொண்டே உள்ளே ஓடினாள். அதற்குள் டிரம்மின் வெள்ளைத் தோல் சிவந்துவிட்டது. சின்னவன் மூக்கைச் சட்டையில் துடைத்தான். தரையில் தடவிக் குச்சிகளைத் தேடி எடுத்தான். அவளை நிமிர்ந்து பார்த்து, "டேப்பை ஓட்டுங்கக்கா" என்றான்.

அதற்கடுத்து வாசித்ததுதான் ரெக்கார்டில் இருக்கிறது. உயிருக்குப் பயந்து ஓடுகிறவனும் துரத்துகிறவனும் ஒரே ஆளாக இருந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது அது. அந்த ஒரு பாட்டுதான் அவர்களைத் தூக்கி நிறுத்தியது. பத்திரிகைக்காரர்கள் அந்த டிரம்ஸைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். இந்த நெருப்பை எப்படிப் பிடித்தீர்கள் என்று அக்காவிடம் கேட்டார்கள். அவள் மைக்குகளை எங்கே வைத்தாள் என்பதை விளக்கிச் சொன்னாள்.

மூன்றாவது ரெக்கார்டில் ஒரு வாரமாக எதுவும் கூடிவரவில்லை. தப்பாக வாசித்தார்கள் என்று சொல்ல முடியாது. எல்லாம் சரியாகவே இருந்தது, உப்புச் சப்பில்லாமல். பெரியவன் தன் காதையே நம்பாதவன், ஆனால் அக்கா ஒன்று சொல்லிவிட்டால் அவனுக்கு அதற்கு மேல் பேச்சில்லை. அது அவளுக்குத் தெரியும். சின்னவன் அன்று கடிகாரம்போல் வாசித்துக்கொண்டிருந்தான் என்பதும் தெரியும். உள்ளே பேசுகிற பொத்தானை அழுத்தினாள். "சின்னவன் ஓடுறான்" என்றாள்.

தாளத்தை விட்டு முந்திக்கொண்டு போவதைத்தான் அவர்கள் ஓடுவது என்பார்கள். பெரியவன் தம்பியின் இடது காதைச் சேர்த்து விரித்த கையால் அறைந்தான். சின்னவன் நாற்காலியோடு சாய்ந்தான். அன்று மத்தியானம் அவர்கள் வாசித்ததைக் கேட்டு அவளுக்கே மயிர்க்கூச்செறிந்தது. சின்னவனுக்கு அந்தக் காது அத்தோடு போயிற்று. அன்றிலிருந்து யார் பேசினாலும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து வலது காதைக் கொடுப்பான். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவள் வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள். ஆனாலும் விடவில்லை. நாலாவதில் ஒரு தடவை, ஐந்தாவதில் ஒரு தடவை, ஆறாவதில் ஒரு தடவை. ஒரு ரெக்கார்டுக்கு ஒரு முறைக்கு மேல் கூடாது என்று ஒரு கட்டுப்பாடும் வைத்திருந்தாள், அளவாகக் குடிப்பதாகச் சொல்லிக்கொள்கிறவர்களைப் போல.

இன்றைக்கும் அரை நிமிடத்துக்கு முன்னால் அவள்தான் பொத்தானை அழுத்தினாள்.

பெரியவன் திரும்பியபோது நெட்டை குறுக்கே வந்து நின்றான். "வேணாண்ணே. நமக்கெல்லாம் வயசாயிடுச்சு. விட்டுடுங்க." பெரியவன் அவனை இரண்டு கையாலும் தள்ளினான். நெட்டை பின்னால் இருந்த பெட்டியில் தடுக்கி, கையை ஊன்றி விழுந்தான். மணிக்கட்டு முறிந்த சத்தம் உள்ளே இருந்த எட்டு மைக் வழியாகவும் அக்காவுக்குக் கேட்டது, சுள்ளி ஒடிவதுபோல. பெரியவன் அவனைத் தாண்டிப் போய் ஓங்கி அறைந்தான். இந்தத் தடவை வலது காது.

சின்னவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். பிறகு கையைக் காதருகே கொண்டுபோய் விரலைச் சொடுக்கிப் பார்த்தான். இன்னொரு தடவை சொடுக்கினான். அவன் முகம் வெளிறிப்போயிருந்தது. எழுந்தான். பக்கத்தில் நின்ற இரும்புத் தாங்கியிலிருந்து பித்தளைத் தாளத் தட்டைக் கழற்றிக் கீழே போட்டான். தாங்கியை இரண்டு கையாலும் தூக்கி அண்ணனின் முழங்காலில் அடித்தான். பெரியவன் அலறிக்கொண்டு மடங்கினான். அடுத்தது தோளில். அடுத்தது தாடையில், பல் ஒன்று தெறித்துக் கண்ணாடியில் பட்டது. சின்னவன் கத்தவில்லை, திட்டவில்லை. ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே மயிரிழை கூட மாறாமல், முந்தாமல் பிந்தாமல் அடித்தான். அக்காவின் காதுக்கு அது தப்பாமல் பிடிபட்டது. அதற்குப் பிறகுதான் அவள் கால்கள் நகர்ந்தன.

கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிப் பெரியவன் மேல் கவிழ்ந்தாள். இறங்கிய இரும்பு அவள் கையில், முழங்கைக்குக் கீழே விழுந்தது. கண் இருட்டியது. "அவன் ஓடலடா!" என்று கீழே கிடந்தவனைப் பார்த்துக் கத்தினாள். "அன்னைக்கும் ஓடல, இன்னைக்கும் ஓடல! நான்தான்டா பொய் சொன்னேன்!"

தாங்கி மேலேயே நின்றது. சின்னவன் அவள் உதடுகளையே பார்த்தான்.

"தெரியும்க்கா" என்றான். தன் குரல் தனக்குக் கேட்காததால் சத்தமாகச் சொன்னான். "திரும்பப் போட்டுக் காட்டுனப்பவே தெரியும். நான் ஓடுனேனா இல்லையான்னு எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன்டா வாயைத் திறக்கல?"

அது அவனுக்குக் கேட்டதோ இல்லையோ. தாங்கியை மெதுவாகக் கீழே வைத்தான். "நல்லா வந்துச்சுல்ல" என்றான்.

பெரியவன் வாயிலிருந்து ரத்தம் குமிழியிட்டது. அவன் பார்வை தம்பி மேல் இல்லை. அக்கா மேல் இருந்தது.

மருத்துவமனையில் படியில் விழுந்துவிட்டதாகச் சொன்னார்கள். சீட்டு எழுதிய நர்ஸ் பெரியவனின் தாடையைப் பார்த்தாள், நெட்டையின் மணிக்கட்டைப் பார்த்தாள், அக்காவின் வீங்கிய கையைப் பார்த்தாள், பிறகு காதைப் பொத்திக்கொண்டு நின்ற சின்னவனைப் பார்த்தாள். "நாலு பேருமே ஒரே படியிலயா?"

"ஒருத்தரைப் பிடிக்கப் போய் ஒருத்தர்" என்றான் நெட்டை. கீபோர்டுகாரர் அங்கேயும் கழிவறையைத் தேடிப் போயிருந்தார்.

கட்டுப் போட்ட கையோடு ஐந்தாம் நாள் சாயங்காலம் அக்கா மறுபடி மருத்துவமனைக்குப் போனாள். பெரியவனின் மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் கம்பியால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். ஆறு வாரத்துக்குப் பேச முடியாது. கட்டில் ஓரத்தில் சின்னவன் உட்கார்ந்திருந்தான், வலது காதில் பஞ்சு. கேட்கும் திறன் திரும்பி வரும் என்றும் டாக்டர் சொல்லவில்லை, வராது என்றும் சொல்லவில்லை. அவன் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு முக்காலியை நகர்த்திப் போட்டான். எப்போதும்போல்தான் போட்டான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

பெரியவன் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு காகிதத்தையும் பென்சிலையும் எடுத்தான். பெரிதாக 3 என்று எழுதி அவளிடம் காட்டினான்.

மூன்றாவது ரெக்கார்டில் சொன்னதும் பொய்யா என்று கேட்கிறான் என்பது அவளுக்குப் புரிந்தது. தலையசைத்தாள்.

4 என்று எழுதினான். தலையசைத்தாள். 5. 6. ஒவ்வொன்றுக்கும் அசைத்தாள். 7 என்று எழுத ஆரம்பித்தவன் பாதியில் விட்டுவிட்டான். பென்சில் கொஞ்ச நேரம் காகிதத்தின் மேல் சும்மா நின்றது. பிறகு கீழே, மூலையில், மிகச் சிறியதாக 1 என்று எழுதினான்.

அக்கா அந்த எண்ணை நெடுநேரம் பார்த்தாள். ஆமாம் என்று ஒரு சொல் சொல்லிவிட்டால் அவன் பாரம் கொஞ்சம் குறையும். அந்தப் பொய்யையும் சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது.

"இல்லடா" என்றாள். "அன்னைக்கு அவன் நிஜமாவே தடுக்குனான். நான் ஒண்ணும் சொல்லல. அது நீயா அடிச்சது."

பெரியவன் கண்ணை மூடிக்கொண்டான். இதில் ஒரு சொல்லும் சின்னவனுக்குக் கேட்கவில்லை. அவன் பழச்சாற்றுத் தம்ளரில் உறிஞ்சுகுழாயைப் போட்டு, கம்பிகளுக்கு நடுவே நுழைகிற மாதிரி அதன் நுனியை மடக்கிக்கொண்டிருந்தான். அண்ணனின் தோளைத் தொட்டு எழுப்பித் தம்ளரை நீட்டினான். பெரியவன் கண்ணைத் திறந்து, அதைத் தாங்கிப் பிடிக்க வலது கையைத் தூக்கினான்.

சின்னவனின் தோள் சட்டென்று காது வரை எகிறியது, தலை உள்ளே இழுத்துக்கொண்டது. சாறு சிந்திப் போர்வையில் பரவியது. மூவரில் யாரும் அதைத் துடைக்கவில்லை. பெரியவனின் கை மட்டும் விரிந்த விரல்களோடு, தம்ளருக்கும் தம்பியின் முகத்துக்கும் நடுவில், முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல் அந்தரத்தில் நின்றது.