வாசலில் ஒரு விருந்தாளி

மத்தியான ஷிப்டுக்கு எங்களை ஏற்றிப்போகும் கம்பெனி பஸ்ஸில் அன்றைக்கு டிரைவருக்குப் பக்கத்து சீட்டுதான் காலியாக இருந்தது. டிரைவர் என் வீட்டுக்காரர். அதனாலேயே நான் ஒருநாளும் அங்கே உட்கார்ந்ததில்லை. தையல் பிரிவுப் பெண்களுக்கு மெல்ல அவல் கொடுத்த மாதிரி ஆகிவிடும். உட்கார்ந்ததுமே ஒருத்தி, "அக்கா, ஆமைய இன்னைக்காவது கொஞ்சம் வேகமா ஓட்டச் சொல்லுங்க" என்றாள். ரயில் பாதைக்குக் கீழே போகும் சுரங்கப்பாதை வந்தால் அவர் பஸ்ஸை உருட்டிக்கொண்டு போவார். கொஞ்ச காலமாகத்தான் இப்படி. அதற்காக ஆமை என்று பெயர் வைத்திருந்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில். பஸ் சுரங்கத்துக்குள் நுழைந்தது. முன்னால் ஓர் ஆள் சைக்கிளை நிறுத்திக் குனிந்து, கழன்ற செயினை மாட்டிக்கொண்டிருந்தான். சுவரில் விளக்குகூட எரிந்துகொண்டிருந்தது. எனக்கு அவன் சட்டைக் கோடுவரை தெரிந்தது. இவர் பிரேக்கை மிதிக்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். கண்ணை அகலத் திறந்துவைத்துக்கொண்டு, எதையுமே பார்க்காமல் ஓட்டிக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்க" என்றேன். கத்தவில்லை. பஸ் குலுங்கி நின்றது. சைக்கிள்காரன் நிமிர்ந்து, கண் தெரியாதவனெல்லாம் வண்டி ஓட்ட வந்துவிட்டான் என்று வாய்க்கு வந்தபடி திட்டினான். பின்னால் பெண்கள் சிரித்தார்கள். இவர் என் பக்கம் தலையைச் சாய்த்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் கேட்டார்.

"எங்க நிக்கிறான்?"

கம்பெனி வாசலில் எல்லோரும் இறங்கினார்கள். நான் இறங்கவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு அவரும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். புராஸ்டேட்டில் புற்றுநோய் என்று தெரிந்து, ஊசியோடு சேர்த்து அந்த மாத்திரையையும் கொடுத்தார்களே, அது தொடங்கியதிலிருந்து என்றார். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் வந்தால் ஒன்றுமே தெரியாதாம். கொஞ்ச நேரம் கழித்துத் தானாக வந்துவிடுமாம். மழை வரும் போகும் என்கிற மாதிரிச் சொன்னார்.

"டாக்டர்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா மாத்திரைய நிறுத்திடுவாங்க. ரத்தத்துல அந்த கேன்சர் நம்பர் இப்பதான் எறங்குது."

எனக்குக் கோபம் வர வேண்டிய இடம் அது. பசிதான் வந்தது. டிபன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, பின்னால் காலியாகக் கிடந்த சீட்டுகளைப் பார்த்தேன். ஒரு சீட்டில் யாரோ குடையை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். இதில் அத்தனை பேர் வருகிறார்களே என்றேன். தெரியும் என்றார். பிறகு, "உயிரோட இருக்கணும்னு ஆசையா இருக்கு" என்றார். இத்தனை வருஷத்தில் ஆசை என்று அவர் வாய்விட்டுச் சொன்னது அது ஒன்றுதான்.

அப்போதுதான் வீட்டு வாசல் என் நினைவுக்கு வந்தது. ஊசி போட்டதிலிருந்து திடீர் திடீரென்று அவருக்கு உடம்பு கொதித்து வியர்த்துவிடும். அதனால் வீட்டில் எந்நேரமும் திரையை இழுத்தே வைத்திருப்பேன். வெளியிலிருந்து வந்தால் உள்ளே நுழையாமல் வாசல்படியிலேயே நிற்பார். "என்ன, விருந்தாளி மாதிரி நிக்கிறீங்க?" என்று கேட்டால் சிரிப்பார். ஊசி உடம்பின் ஆசையை அடக்கிவிடும் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். ஆசை போனால் ஆளுமா போய்விடுவார்? போய்விட்டார் என்றே நினைத்தேன். நான் இருக்கும் அறைக்குள் வரவே அவருக்குக் கூசுகிறது என்று நானாகவே முடிவு கட்டி, என் போர்வையை எடுத்துக்கொண்டு கூடத்தில் படுக்க ஆரம்பித்திருந்தேன்.

"சாவிய சூப்பர்வைசர்கிட்ட குடுத்துடுங்க" என்றேன். உடனே எடுத்துவிடவில்லை. எடுத்தபின் ஸ்டியரிங்கைத் துணியால் துடைத்தார். பிறகு இறங்கிப் போனார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் நான்தான் பேசினேன். அவர் வாயைத் திறந்தால்தானே. டாக்டரம்மா திட்டவில்லை. இந்த மாத்திரைக்கு இப்படி ஆவது உண்டு, தானே முதலில் சொல்லியிருக்க வேண்டும் என்றார். அதை நிறுத்தி வேறொன்று எழுதினார். பார்வை மெல்ல மெல்லச் சரியாகிவிடும் என்றார். அந்த நம்பர் என்று இவர் இழுத்தார். அடுத்த ரத்தப் பரிசோதனைக்குப் பிறகுதான் எதுவும் சொல்ல முடியும் என்றார். நாங்கள் இருவரும் பொம்மை மாதிரித் தலையாட்டினோம்.

வீட்டுக்கு வரும்போது நல்ல வெயில். நான் முதலில் உள்ளே போனேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வாசல்படியில் நின்றார். இந்தமுறை நான் எதுவும் கேட்கவில்லை. திரும்பிவந்து, உள்ளிருட்டில் அவருக்கு நேர் எதிரில் நின்றேன். என் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், லேசாகச் சிரிக்கவும் செய்தார்.

நோய் என்று தெரிந்த நாளிலிருந்து அவர் முன்னால் நான் ஒரு முகத்தை மாட்டிக்கொண்டிருந்தேன். இப்போது அவருக்கு அது தெரியாது. வாய் கோணியது. கோணட்டும் என்று விட்டுவிட்டேன். சத்தமில்லாமல், அவர் எதிரிலேயே நின்று அழுதேன். நேரமாகிவிட்டது, இனிப் பார்வை வந்துவிடும் என்று தோன்றியதும் அவசரமாகப் புறங்கையால் துடைத்தேன்.

"என்ன, விருந்தாளி மாதிரி நிக்கிற?" என்றார்.

தெரிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் நீட்டிய கை என்னைத் தாண்டி, கொஞ்சம் தள்ளிக் காற்றில் துழாவிக்கொண்டிருந்தது. கை இருந்த இடத்துக்குத் தோளை நகர்த்தினேன்.