புகார் இல்லாத முந்நூறு நாள்

காலை ஏழு மணிக்கு ஷட்டரைத் தூக்கியதும் ஜெராக்ஸ்காரர் கடையைக் கூட்டமாட்டார், மிஷினைத் துடைக்கமாட்டார். நேரே தெருவைக் கடந்து பூங்கா வாசலுக்குப் போவார். அங்கே இரும்புச் சட்டத்தில் ஒரு பலகை நிற்கும். ‘நம் குடியிருப்பில் புகார் இல்லாத நாட்கள்’ என்று பச்சை எழுத்தில் எழுதி, கீழே மூன்று ஆணி அடித்திருந்தார்கள். ஆணியில் தொங்கும் தகர எண்களில் நேற்றையதைக் கழற்றி இன்றையதை மாட்டுவார். இரண்டடி பின்னால் நகர்ந்து நின்று, பிறந்த குழந்தையைப் பார்ப்பதுபோல் ஒருமுறை பார்ப்பார். அன்றைக்கு எண் 297.

முந்நூறு நாள் புகாரே இல்லாமல் இருக்கும் குடியிருப்புக்கு ‘பாதுகாப்பான பகுதி’ என்று நகராட்சி கேடயம் கொடுப்பதாக அறிவித்திருந்தது. அன்றிலிருந்து அந்தத் தெருக்காரர்களுக்குத் தூக்கம் போயிற்று. குடியிருப்புச் சங்கத்துக்குச் செயலாளர் ஒருவர் உண்டு. பெரிய உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றும் அதட்டலிலிருந்து ஓய்வு பெறாதவர். அவருக்கு வலது கை ஜெராக்ஸ்காரர். சங்கத்தின் செல்போன் குரூப்புக்கு இருவரும் அட்மின்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை ‘நம்ம ஏரியா’ என்ற ஒற்றைத்தாள் செய்தி மடலை ஜெராக்ஸ்காரரே எழுதி, அவரே அச்சடித்து, அவரே வீடு வீடாகப் போட்டுவிட்டு வருவார். தண்ணீர் வரும் நேரம், யார் வீட்டுப் பெண் முதல் மதிப்பெண், எந்த ஞாயிறு மருத்துவ முகாம் எல்லாம் அதில் இருக்கும்.

இந்தக் கேடயத்துக்கான கணக்கில்தான் ஒரு வேடிக்கை இருந்தது. நகராட்சிப் பதிவேட்டிலோ குரூப்பிலோ ஒரு புகார் ஏறினால் எண் பூஜ்யத்துக்குப் போய்விடும். ஏறாவிட்டால் போகாது. நூற்றுப் பன்னிரண்டாம் நாள் நாலாம் வீட்டில் சைக்கிள் திருடு போனது. செயலாளரும் ஜெராக்ஸ்காரரும் அந்த வீட்டுக்குப் போய் டீ குடித்து நயமாகப் பேசினார்கள். அந்த மனிதர் வேறு சைக்கிள் வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டார். இருநூறாவது நாளை ஒட்டி ஒரு பெரியவரை நாய் கடித்தது. அவர்தான் நாயை மிதித்தார் என்று முடிவாயிற்று. ஆக, குரூப்பில் வராதது அந்தத் தெருவில் நடக்காதது.

கடைசி வாரம் மேற்பார்வை பார்ப்பதற்காக நகராட்சி அதிகாரி ஒருவரையும் குரூப்பில் சேர்த்திருந்தார்கள். காலை வணக்கம் போடுகிறவர்கள்கூட இலக்கணம் பார்த்துப் போட்டார்கள்.

297ஐ மாட்டிவிட்டுக் கடைக்குத் திரும்பி அவர் உட்காரக்கூட இல்லை, செல்போன் கிணுங்கியது. குரூப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ். அனுப்பியவர் இஸ்திரிக்காரம்மா.

பூங்கா வாசலில் தள்ளுவண்டி போட்டுத் துணி தேய்க்கிறவர் அவர். வீடு வேறு எங்கோ. ‘துணி ரெடியா?’ என்று கேட்க வசதியாக இருக்கட்டும் என்று அவரையும் குரூப்பில் சேர்த்து வைத்திருந்தார்கள். அவருடைய கணவர் வீடு வீடாகப் போய்த் துணி மூட்டை எடுத்து வருவார். தெருவுக்கே அவர் மூட்டைக்காரர்.

ஜெராக்ஸ்காரர் மெசேஜைத் தட்டினார்.

“எல்லாருக்கும் வணக்கம். நான் இஸ்திரிக்காரம்மா பேசறேன். பூங்கா கேட் பக்கத்துல இருக்கிற லைட் கம்பத்துல ஷாக் அடிக்குது. விடியக்காலைல மழை ஈரத்துல கை பட்டுச்சு, அப்படியே தூக்கிப் போட்டுருச்சு. கீழ பெட்டிக்கு மூடி இல்ல, ஒயரெல்லாம் வெளிய தெரியுது. லைட் எரியிற நேரத்துல யாரும் அதைத் தொடாதீங்க. பிள்ளைங்களைப் பார்த்துக்கோங்க.”

பின்னாலிருந்து ஓர் ஆண் குரல் கேட்டது. “செருப்பு இல்லாம அந்தப் பக்கம் வர வேணாம்னு சொல்லு. நான் பலகை கட்டி வைக்கிறேன்.” ஒரு நொடி விட்டு அதே குரல், “அடடா, ரேடியோல செய்தி வாசிக்கிற மாதிரியே பேசறியே!” என்றது. அந்தம்மா சிரித்தார். சிரிப்பின் பாதியில் மெசேஜ் முடிந்தது.

ஜெராக்ஸ்காரர் பதறிப்போனார். ஷாக்கை நினைத்து அல்ல, அதிகாரியை நினைத்து. யாரும் கேட்பதற்குள் ‘எல்லோருக்கும் அழி’ என்பதைத் தொட்டார். போயிற்று.

கல்லாவில் உட்கார்ந்திருந்த அவர் மனைவிக்குக் காது கூர்மை. “ஏங்க, கரண்ட் ஆபீசுக்கு ஒரு போன் அடிங்களேன்.”

“அடிச்சா பதிவேட்டுல ஏறிடும். மூணு நாள்தானே? விழா முடிஞ்ச மறுநாள் முதல் வேலையா நானே லெட்டர் குடுக்கறேன்.”

சொன்னதோடு நிற்கவில்லை. அப்போதே கடிதத்தை டைப் அடித்து, முந்நூற்று ஒன்றாம் நாளின் தேதியைப் போட்டு, சங்கத்தின் முத்திரையும் குத்தி மேஜை டிராயரில் வைத்தார். மனசாட்சிக்கு ஒரு ரசீது கிடைத்தாற்போல் இருந்தது அவருக்கு. கெட்டவராக இருந்தாலாவது திட்டித் தீர்த்துவிடலாம். அவர் நல்லவர், அதுதான் கொடுமை.

பிறகு இஸ்திரிக்காரம்மாவிடம் போய்ப் பக்குவமாகச் சொன்னார். “அம்மா, நீங்க சொன்னது தப்பில்ல. ஆனா குரூப்ல பெரிய ஆபீசர் இருக்கார். ஒரு மூணு நாள் பொறுத்துக்கோங்க.”

“நான் பொறுத்துக்குவேண்ணா. கரண்ட் பொறுக்குமா?”

அவர் சிரித்து வைத்தார்.

அதற்குள் மூட்டைக்காரர் பழப்பெட்டிப் பலகைகள் நாலைந்தைக் கொண்டுவந்து, ரப்பர் செருப்போடு எட்டி நின்று, கம்பத்தைச் சுற்றி ஆள் உயரத்துக்கு நைலான் கயிற்றால் கட்டினார். விளக்கு அணைந்திருந்த பகல் நேரம் அது. மேலே ஒரு கிழிந்த சிவப்புத் துணியையும் சுற்றினார். மூன்று நாளும் அந்தத் தெருவின் பாதுகாப்பு மொத்தமும் அந்தப் பலகைகளாகத்தான் இருந்தது. பாதுகாப்புக் கேடயத்துக்கு எழுதப்பட்ட பாராட்டு உரையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

முந்நூறாவது நாள் மாலையில் விழா. காலையிலேயே செயலாளர் பூங்காவைச் சுற்றிவந்தார். கம்பத்தைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

“என்னய்யா இது, காயம்பட்டவனுக்குக் கட்டுப் போட்ட மாதிரி? போட்டோவுல இதுதான் முன்னாடி விழும். கழட்டச் சொல்லு. அந்த வண்டியையும் இன்னைக்கு ஒரு நாள் பின் தெருவுக்குத் தள்ளச் சொல்லு.”

“சார், அதுல கொஞ்சம் ஷாக்…”

“சாயங்காலம் ரெண்டு மணி நேர ஃபங்ஷன்யா. வர்றவங்க கேடயத்தைப் பார்ப்பாங்களா, கம்பத்தைக் கட்டிப்பிடிப்பாங்களா?”

ஜெராக்ஸ்காரர் மேடை போட்டவர்களைக் கூப்பிட்டார். அவர்கள் பலகைகளை அவிழ்த்தார்கள். ஸ்பீக்கர் பெட்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றதால் அவற்றையே அதற்கு முட்டுக் கொடுத்தார்கள். இஸ்திரி வண்டி பின் தெருவுக்குப் போனது.

விழா அமர்க்களமாக நடந்தது. அதிகாரி பேசினார், செயலாளர் பேசினார், குழந்தைகள் ஆடினார்கள். 300 என்ற எண்ணை ஜெராக்ஸ்காரரே மேடையில் தூக்கிக் காட்டினார். கைதட்டலில் அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஐந்தரை மணிக்கு ஒரு தூறல் விழுந்து நின்றது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூட்டைக்காரர் எடுத்துக்கொண்டார். பின் தெருவில் வண்டி அருகே நின்றவர் வானத்தைப் பார்த்தார், செல்போனில் மணியைப் பார்த்தார்.

“ஆறு மணிக்கு லைட் போட்டுருவான். கூட்டம் அந்த கேட் வழியாதான் வெளிய வரும். பிள்ளைங்க கம்பத்தைப் பிடிச்சுச் சுத்தும்.”

“அவங்கதான் வேணாம்னு கழட்டிட்டாங்களே, உங்களுக்கு என்ன வந்தது?” என்றார் இஸ்திரிக்காரம்மா.

“அவங்களுக்குத் தெரியாது. நமக்குத் தெரியுமில்ல?”

மேடைக்குப் பின்பக்கமாகப் போய் ஸ்பீக்கருக்கு அடியிலிருந்து பலகைகளை உருவினார். பெட்டி சாய்ந்து ‘கீச்’ என்று கத்தியது. செயலாளர் மேடையிலிருந்தே முறைத்தார். மூட்டைக்காரர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் ஓடினார். கம்பத்தடியில் சேறு. பலகைகள் நனைந்திருந்தன. விளக்கு வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் அவருடைய வலது செருப்பு சேற்றில் மாட்டிக் காலை விட்டுக் கழன்றது. அதை எடுக்கக் குனியாமல், கயிற்றைப் பின்பக்கமாகச் சுற்ற இரண்டு கையையும் கம்பத்தைத் தாண்டி நீட்டினார். அந்த நேரம் பார்த்துத் தெரு விளக்குகள் எரிந்தன.

கூட்டம் வெளியே வந்தபோது அவர் கம்பத்தடியில் கிடந்தார். வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த வாசல் வழியாக நூற்றுக்கு மேற்பட்ட குழந்தைகள் கம்பத்தைத் தொடாமல் ஒதுங்கி வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாளே கம்பத்தைச் சரிசெய்தார்கள். புது மூடி, புது ஒயர், மேலே வெள்ளி பெயின்ட். அரை மணி நேர வேலை. மேஜை டிராயரில் அன்றைய தேதியிட்ட கடிதம் அப்படியே இருந்தது.

அன்று மாலை செயலாளர் ஜெராக்ஸ் கடைக்கு வந்தார். வருத்தமாகத்தான் இருந்தார். ஆனாலும் செய்தி மடலுக்கு என்ன போடுவது என்று பேசியாக வேண்டுமே.

“முதல் பக்கம் கேடயம். பின் பக்கத்துல எதிர்பாராத விபத்துன்னு நாலு வரி இரங்கல் போட்டுடு.”

“போர்டுல எண்ணை என்ன சார் பண்றது?”

“எதுக்கு மாத்தணும்? அவர் நம்ம ஏரியா ஆளே இல்லையே. குரூப்லயும் புகார் எதுவும் வரலையே!”

வரலையே. ஜெராக்ஸ்காரர் தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டார். செயலாளர் போன பிறகு கம்ப்யூட்டரில் ‘எதிர்பாராத’ என்று அடித்தார். தோளுக்குப் பின்னால் நின்ற மனைவி, “எதிர்பாராததா?” என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்த இதழ் அச்சாகவில்லை. பலகையில் எண் மாட்டவும் அவர் போகவில்லை. உயரம் எட்டாத செயலாளர் ஏணி கொண்டுவந்து தானே மாட்டத் தொடங்கினார்.

பன்னிரண்டாம் நாள் காலையில் இஸ்திரிக்காரம்மா கடைக்கு வந்தார். கையில் பிளாஸ்டிக் உறை.

“இறப்புச் சான்றிதழ் அஞ்சு காபி வேணும்ணா.”

ஜெராக்ஸ்காரர் தலை நிமிராமல் வாங்கி மிஷினில் வைத்தார். வெளிச்சம் ஐந்து முறை ஓடியது. தாள்களை எடுத்து நீட்டியும் அந்தம்மா நகரவில்லை.

“அண்ணா, அன்னைக்கு நான் குரூப்ல ஒண்ணு பேசி அனுப்பினேனே, அதைத் திருப்பி எடுக்க முடியுமா?”

அவர் திடுக்கிட்டார். போலீசுக்கா, வழக்குக்கா என்று மனம் எங்கெங்கோ ஓடியது. “எதுக்கும்மா?”

“அதுல கடைசில அவர் பேசினாரு. என்னைக் கேலி பண்ணி ஏதோ சொன்னாரு, நான்கூடச் சிரிச்சேன். அவரு குரல் வேற எதுலயும் இல்லண்ணா. போன்ல தேடிட்டேன். எல்லாம் போட்டோதான்.”

ஜெராக்ஸ்காரர் செல்போனை எடுத்தார். குரூப்பில் மேலே மேலே தள்ளிக்கொண்டே போனார். வாழ்த்துகள், பூங்கொத்துகள், கைதட்டும் படங்கள், கேடயம். அதற்கும் மேலே அந்த நாள். ‘இந்தத் தகவல் அட்மினால் நீக்கப்பட்டது.’ அதைத் திரும்பத் திரும்பத் தொட்டார்.

“ரேடியோல செய்தி வாசிக்கிற மாதிரி பேசறியேன்னு சொன்னாரும்மா” என்றார். “நான் கேட்டேன். முழுசாக் கேட்டுட்டுதான் அழிச்சேன்.”

அந்தம்மா அழவில்லை. அழுது முடித்த முகம் அது. ஜெராக்ஸ்காரர் போனை வாயருகே கொண்டுபோய், குரூப்பில் பேச ஆரம்பித்தார். “எல்லாருக்கும் வணக்கம். இது புகார். கம்பத்துல ஷாக் அடிக்குதுன்னு விழாவுக்கு மூணு நாள் முன்னாடியே இந்தம்மா சொன்னாங்க. நான்தான் அழிச்சேன். முந்நூறு நாளும் பொய். மூட்டைக்காரர் விபத்துல சாகல, நம்ம கேடயத்துக்காகச் செத்தார்.” அனுப்பினார்.

எதிரே பூங்கா வாசலில் செயலாளர் ஏணி மேல் நின்றுகொண்டிருந்தார். சட்டைப் பையில் செல்போன் கிணுங்கியது. எடுத்துக் காதில் வைத்துக் கேட்டார். கடைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு விரலால் எதையோ தொட்டார்.

ஜெராக்ஸ்காரரின் கையிலிருந்த திரையில் அவருடைய குரல் மறைந்து, அந்த ஒரு வரி வந்து உட்கார்ந்தது. ‘இந்தத் தகவல் அட்மினால் நீக்கப்பட்டது.’

செயலாளர் போனைப் பையில் போட்டுக்கொண்டு, மிச்சமிருந்த தகர எண்ணை ஆணியில் மாட்டினார். 312.

இஸ்திரிக்காரம்மா அந்தப் பலகையையே கொஞ்ச நேரம் பார்த்தார். ஐந்து தாள்களையும் மடங்காமல் உறைக்குள் வைத்துக்கொண்டார்.

“புகார் இல்லைன்னா ஆபத்து இல்லைன்னு அர்த்தம் இல்லண்ணா. சொன்னவங்க வாயை அடைச்சிட்டாங்கன்னுதான் அர்த்தம். ஆபத்தை அழிக்காம, அதைச் சொன்ன குரலை அழிச்சா, அடுத்தது யாரு வீட்டுக் குரல் போகும்னு எண்ணிக்கிட்டுத்தான் உட்கார்ந்திருக்கணும். ஏணி மேல நிக்கிறவரு நல்லா எண்ணட்டும்.”